காரத்தண்ணீர் என்று சொன்னேன்

என் இடது காலில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் யாராவது அதைக் கவனித்துவிட்டு, "என்னங்க ஆச்சு?" என்று கேட்பார்கள். "சர்க்கரை வியாதி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் காலை வைத்துக்கொண்டு நான் ஒரு பெரிய பொய் சொன்னேன், அதை ஒரு லாயர் மூலமாக எழுதவும் வைத்தேன். ஆறேழு வருஷமாகியும் அதை நினைத்தால் முகம் சூடாகிறது. இந்த வியாதி இப்போது நம் ஆட்களில் பலருக்கு வருகிறது. காலைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் இதைப் படிக்கட்டும், கூடவே என்னைப் பற்றியும் தெரிந்துகொள்ளட்டும்.

அப்போது எனக்கு நாற்பது வயது. தீவுக்குச் சுயாட்சி வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில், பலகை அடித்துப் பிரித்த அறை ஒன்றில் நானும் என் மனைவி சரோஜாவும் இருந்தோம். காலாங் ஆற்றோரம் சவுக்காரம், அதாவது சோப்பு, காய்ச்சும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பெரிய இரும்புக் கொப்பரையில் தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாக் காரமும் சேர்ந்து கொதிக்கும். சவுக்காரம் திரண்டு மேலே வந்ததும், அடியில் தங்கும் காரத்தண்ணீரைக் குழாய் திறந்து வடிக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீர், தோலில் பட்டால் உரிந்துவிடும். அந்தக் குழாய்க்குப் பொறுப்பாளர் வேலுச்சாமி அண்ணன். பதினெட்டு வருஷமாக அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர். கொப்பரைக்காரர் என்றால் கம்பெனியில் ஒரு மரியாதை உண்டு, அதை அவரும் ரசிப்பார். நான் ஆறிய சவுக்காரத்தைக் கம்பியால் கட்டி கட்டியாக அறுப்பவன். எல்லாருமே வெறுங்காலோடுதான் வேலை செய்தோம்.

சரோஜாவுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போயின. மூன்றாவதாக உண்டானபோது, பிள்ளை நல்லபடி பிறக்க வேண்டும் என்று அம்மனுக்குத் தீமிதிப்பதாக நேர்ந்துகொண்டேன். கையில் காப்புக் கட்டி விரதம் இருந்தேன். மரக்கறிச் சாப்பாடு, தரையில் படுக்கை, எல்லாம் ஒழுங்குதான், ஒரே ஒரு நாளைத் தவிர. கம்பெனியில் வெக்கை தாங்காத ஒரு சாயங்காலம், வீட்டுக்குப் போகும் வழியில் கள்ளுக்கடையில் நின்று ஒரு குவளை குடித்தேன். காப்புக் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசியில் தீமிதித்தேன். நெருப்புக் குழியில் கால் வைத்தபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. முன்னால் போனவர்கள் ஓடினார்கள், நான் நடந்தே போனேன். அம்மன் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அழுதேன். மறுநாள் கம்பெனியில் எல்லாரும் சுற்றி நின்று கேட்டார்கள். "பூ மேல நடக்கற மாதிரி இருந்துச்சு" என்றேன். வேலுச்சாமி அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவர் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று மாலைதான் குளிக்கும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கால்களிலும் பெரிய பெரிய கொப்புளங்கள், சில உடைந்துபோய்க் கிடந்தன. வலி இல்லை. வலி இல்லாததுதான் என்னைக் குழப்பியது.

தீமிதித்தவனுக்குக் கால் சுட்டது என்றால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. விரதத்தில் குறை, அவ்வளவுதான். சரோஜாவுக்குத் தெரிந்தால் நேர்த்தி பழுதுபட்டுவிட்டது, இந்தப் பிள்ளையும் தங்காது என்று பயந்தே போய்விடுவாள். அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. பூ மேல் நடந்ததாகச் சொல்லிக் காலைத் தொட்டுக் கும்பிடவும் விட்டபிறகு, எந்த முகத்தோடு கொப்புளத்தைக் காட்டுவது? உள்ளங்காலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மஞ்சளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போனேன். நொண்டுவதைப் பார்த்துச் சரோஜா கேட்டபோது கால் ஆணி என்றேன்.

காரமும் ஈரமும் கிடக்கிற தரையில் நான்கு நாள் அந்தக் காலோடு நடந்தேன். ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சலில் பற்கள் கிட்டிப்போய், சவுக்காரக் கட்டிகளுக்கு நடுவிலேயே விழுந்துவிட்டேன். வேலுச்சாமி அண்ணன்தான் என்னை முதுகில் தூக்கி, கம்பெனி லாரியில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். யாரோ சொல்லிச் சரோஜாவும் வந்துசேர்ந்தாள். ஆறு மாத வயிற்றோடு மூச்சு வாங்க நின்றாள்.

மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, ஒரு சீனப் பெண். என் காலைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, எப்படி ஆனது என்று மலாயில் கேட்டாள். சரோஜா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் சுடுதண்ணீர் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். மிஸ்ஸி அட்டையில் எழுதிக்கொண்டாள்.

"சுடுதண்ணியா? எங்க கெடந்துச்சு?" என்றார் வேலுச்சாமி அண்ணன்.

கம்பெனித் தரையில் சுடுதண்ணீர் கிடக்கக்கூடிய இடம் ஒன்றுதான். "காரத்தண்ணிண்ணே. கொப்பரைக்கு அடியில, கொழா பக்கத்துல. நேத்து மிதிச்சிட்டேன்" என்றேன்.

யார் மேலும் பழி போட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. "நேத்து நாந்தானே கொழாய மூடுனேன்" என்று மெதுவாகச் சொன்னார். அந்த இடத்திலேயே நான் திருத்தியிருக்கலாம். காய்ச்சல் என்று சாக்குச் சொல்லலாம்தான். காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லையே.

மூன்றாம் வகுப்பு வார்டு நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், மேலே விசிறிகள், எங்கும் டெட்டால் வாசனை. முதல் வாரம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி. இரண்டாம் நாள் மிஸ்ஸி என் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஒன்றை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டுச் சுடவைப்பார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை. என்னுடையது செங்கல் நிறத்துக்கு வந்தது. அடுத்த கட்டில்காரர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ நான் பரீட்சையில் தவறிவிட்ட மாதிரி உச்சுக் கொட்டினார்.

டாக்டர் இளவயதுச் சீனர். "கென்சிங் மானிஸ்" என்றார். மலாயில் இனிப்பு மூத்திரம் என்று அர்த்தம். நம் வயிற்றுக்குள் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை உடம்பு செலவழிக்க அது ஒரு நீரைச் சுரக்க வேண்டும். சுரக்காவிட்டால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். தங்கினால் கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகக் கெடுக்கும். அந்த நீரைத்தான் இன்சுலின் என்று ஊசியில் போடுகிறார்கள். எனக்கு எத்தனையோ வருஷமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார். அடிக்கடி தாகம் எடுத்ததும் உடம்பு இளைத்ததும் வெக்கையால் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு காரியம் செய்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் காலடியில் உட்கார்ந்துகொண்டார். "சாக்கிட்?" என்று கேட்டார், வலிக்கிறதா என்று. எது வலிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இல்லை என்றேன். மறுபடி கேட்டார், மறுபடி இல்லை என்றேன். நாலைந்து தரம் கேட்டபின் கண்ணைத் திறக்கச் சொன்னார். அவர் கையில் ஒரு குண்டூசி இருந்தது. என் பாதத்தின் ஓரத்தில், புண் இல்லாத இடத்தில், வரிசையாக ரத்தப் புள்ளிகள் இருந்தன.

நரம்பு செத்துவிட்டது என்பதை அவர் கையைக் காட்டியும் மலாயிலும் எனக்குப் புரியவைத்தார். இனிமேல் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, சூடு தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது என்றார். நான் தலையாட்டிக்கொண்டே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நெருப்பில் என்னை நிதானமாக நடக்கவைத்தது எதுவென்று புரிந்துவிட்டது. அருள் வந்தது என்று அழுதேனே, அந்த அழுகையை நினைத்து வெட்கப்பட்டேன். கள்ளுக் குடித்ததால் சுட்டது என்று பயந்தேனே, அதற்கும் வெட்கப்பட்டேன். சுட்டதற்குக் காரணம் நேர்த்தியும் இல்லை, குழாயும் இல்லை. அப்போதே சரோஜாவிடம் வியாதியைச் சொல்லி, தீயில் சுட்டதையும் சொல்லியிருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் அதற்குள் அட்டையில் ஒன்று எழுதியாகிவிட்டது.

வேலுச்சாமி அண்ணன் தினமும் வந்தார். நோயாளிகளைப் பார்க்க விடும் நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான். மணி அடித்ததும் கதவைத் தாண்டி முதலில் வருகிற ஆள் அவராகத்தான் இருக்கும். வேலை விட்டு நேராக வருவார், சட்டையில் காரவாடை அடிக்கும். அவர் மனைவி மாரியாயி கொடுத்துவிட்ட தூக்குச்சட்டியில் கேழ்வரகுக் கஞ்சியோ கீரையோ இருக்கும். அரிசி கூடாது என்று டாக்டர் சொன்னதை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு அவராகவே மாற்றியது. எனக்கு முதுகு துடைத்துவிடுவார், நகம் வெட்டிவிடுவார். சரோஜா பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று, அவளை ஒருநாள் விட்டு ஒருநாள் வரச்சொல்லி, மற்ற நாளில் அவரே எங்கள் அறைக்குப் போய் என் செய்தியைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்.

ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்: "தங்கராசு, நா ரெண்டு சுத்துச் சுத்துனேனா, மூணு சுத்துச் சுத்துனேனான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். மூணு சுத்துனாத்தான் கொழா நல்லா மூடும். மூணு சுத்துன மாதிரிதான் இருக்கு. ஆனா அப்படின்னா தண்ணி எப்படிக் கசியும்?"

"விடுங்கண்ணே" என்றேன்.

"எப்படிடா விடறது? ஒன் காலு."

அவர் போனபிறகு கஞ்சியை வாயில் வைக்க முடியவில்லை. வீணாக்கக் கூடாது என்று பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தேன். அதன்பிறகு பல நாள் அப்படித்தான். வேலுச்சாமி அண்ணனிடம் மட்டும் நல்லா இருந்துச்சுண்ணே என்பேன்.

மூன்றாம் வாரம் இடது கால் சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்துப்போயின. அங்கே ரத்த ஓட்டம் நின்று சதை செத்துவிட்டது என்றும், எடுக்காவிட்டால் மேலே ஏறும் என்றும் டாக்டர் சொன்னார். எடுத்தார்கள். சில நாள் கழித்து, உள்ளங்காலில் தோல் வளராத இடத்துக்குத் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவியெடுத்து ஒட்டினார்கள். தொடை வலித்த வலி இருக்கிறதே, அதை மட்டும் நான் உருப்படியாக உணர்ந்தேன். நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கிராணி சூசை வந்தது அந்தச் சமயத்தில்தான். ஒரு லாயர் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை ஆரஞ்சு. வார்டு வார்டாகப் போய் அடிபட்டவர்களைத் தேடிப் பிடிப்பது இவருக்குத் தொழில் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கட்டிலில் தொங்கிய அட்டையை மிஸ்ஸி பார்க்காத நேரத்தில் எட்டிப் பார்த்தார்.

"கம்பெனியில பட்ட அடியா? பூட்ஸ் கொடுத்தாங்களா? இல்லையா? அப்ப நல்ல கேஸ் லா. நீங்க ஒரு காசு கொடுக்க வேணாம். நஷ்டஈடு வந்தபிறகு பாத்துக்கலாம். இன்சூரன்ஸ்காரன்தான் கொடுக்கப் போறான், தவுக்கே கையிலருந்தா போவுது?"

தவுக்கே என்றால் சீன முதலாளி. நான் வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற சரோஜா, "ஏங்க, இனிமே நின்னு வேல செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பிள்ளையும் வரப்போவுது. நியாயமா வரவேண்டியதுதானே?" என்றாள். நியாயம் என்ற சொல்லை அவள் சொன்னதும் எனக்கு எதிர்த்துப் பேச வழி இல்லாமல் போய்விட்டது. எதிர்த்துப் பேச ஒரே ஒரு வழிதான் இருந்தது. பேனாவை வாங்கி, வழக்கு நடத்தச் சம்மதம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன்.

நஷ்டஈட்டு வழக்கு எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கோர்ட்டில் கூண்டில் ஏற்றுவார்கள் என்று பயந்தேன். அப்படி இல்லை. முதலில் லாயர் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் எழுதுகிறார், இன்னாருக்கு உங்கள் இடத்தில் இப்படி அடிபட்டது, பொறுப்பு உங்களுடையது என்று. டாக்டரிடம் ரிப்போர்ட் வாங்குகிறார். பார்த்தவர்களிடம் சாட்சி எழுதி வாங்குகிறார். எல்லாவற்றையும் இன்சூரன்ஸ்காரர்களுக்குக் காட்டினால், பாதிக்கு மேற்பட்ட வழக்குகள் கோர்ட்டுக்குப் போகாமலே பேசித் தீர்ந்துவிடுமாம்.

நோட்டீஸ் போன வாரமே தவுக்கே வேலுச்சாமி அண்ணனைக் கூப்பிட்டார். குழாயை யார் மூடியது என்று கேட்டார். நான்தான் என்றார் அவர். கொப்பரைப் பக்கம் வராதே என்று முற்றத்தில் மூட்டை தூக்கப் போட்டார்கள். சூசை அவரைத் தேடிப்போய், குழாய் சரியாக மூடவில்லை என்று ஒரு வாக்குமூலம் எழுதி, அவரிடம் பெருவிரல் ரேகை வாங்கினார். அது கம்பெனிக்குத் தெரிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வருஷம்.

அன்றும் சாயங்காலம் மணி அடித்ததும் வந்தார். தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே, வேறு ஏதோ விஷயம் மாதிரி இதைச் சொன்னார்.

"நீங்க ஏண்ணே ரேகை வச்சீங்க?"

"செஞ்சதுதானே. ஒங்கால் போச்சு, எனக்கு வேலதானே போச்சு. சாப்பிடு."

நான் கஞ்சியைக் குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அந்த நேரத்தில் என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஏன் அப்போதும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு சின்ன அவமானத்தோடு போயிருக்கும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் நான் மோசக்காரன். ஒவ்வொரு நாளும் அது வளர்ந்துகொண்டே போனது, நானும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

பத்து வாரம் கழித்து, கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்சுலின் போட நானே கற்றுக்கொண்டிருந்தேன். தை மாதம் சரோஜாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆறரைப் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல குரல். வேலுச்சாமி அண்ணன் மாரியாயியோடு பார்க்க வந்து, குழந்தையின் பாதங்களை மட்டும் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அவர் அப்போது கிடைத்த இடத்தில் கூலிவேலை செய்துகொண்டிருந்தார்.

மாசிக் கடைசியில் லாயர் வரச்சொன்னார். லாயர் தம்பிராசா யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த தலை, அதிகம் பேசமாட்டார். ஆபீஸ் ஹை ஸ்திரீட்டில் ஒரு மாடியில் இருந்தது. என்னால் படி ஏற முடியாது என்று வேலுச்சாமி அண்ணன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என் கூட வந்தார். என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற்றினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

வேட்டியைச் சரிசெய்துகொண்டே அவர் சொன்னார்: "ஒங்கிட்டச் சொல்லல. வர்ற ஐப்பசிக்கு நானும் தீமிதிக்கறதா நேந்துக்கிட்டேன். ஒன் கால நான் சுட்டேன்ல. எங்காலும் கொஞ்சம் சூடு பாக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

லாயர் என் முன்னால் காகிதங்களை அடுக்கி வைத்திருந்தார். இன்சூரன்ஸ்காரர்கள் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள் என்றார். ரெண்டு உள்ளங்காலும் முழுதாக வெந்திருப்பதைப் பற்றி முதலில் கேள்வி கேட்டார்களாம். கால் மரத்துப்போன நோயாளி, சூடு தெரியாமல் காரத்தண்ணீரில் நின்றிருப்பான் என்று டாக்டரின் ரிப்போர்ட்டை வைத்து லாயர் பதில் எழுதியிருந்தார். என் வியாதிகூட என் பொய்க்கு முட்டுக் கொடுத்திருந்தது. கடைசியாக நான் ஒரு சத்தியக் கடுதாசியில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அதை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். வேலுச்சாமி என்பவர் குழாயைச் சரியாக மூடாமல் விட்டார் என்ற வரி வந்தது.

"நீர் இதைச் சத்தியமாச் சொல்லுறீரோ?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். நான் தீமிதித்ததிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். கள்ளுக்கடையையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கையெழுத்துப் போட்ட பிறகு சொல்லியிருந்தால், நானும் உமக்கு உதவ ஏலாது. இப்ப வழக்கை நான் மீளப் பெறுறன். கம்பெனிக்கும் எழுதுறன், அந்த மனிசனிலை பிழை இல்லையெண்டு." கதவைக் காட்டினார். "வெளியிலை இருக்கிறது அவர்தானே? அவருக்கு நான் சொல்ல மாட்டன். அது உம்முடைய வேலை."

சரோஜாவிடம் அன்று மாலை சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். பிறகு, "எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். வெரலாவது மிஞ்சியிருக்கும்" என்றாள். அதற்கு மேல் அவள் என்னைத் திட்டவில்லை. பல நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை. கம்பெனி வேலுச்சாமி அண்ணனை ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டது, ஆனால் கட்டிகளுக்குக் காகிதம் சுற்றும் இடத்தில். கொப்பரைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டான். அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. எனக்கு அந்த வாசலில் இனி இடமில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு மளிகைக்கடையில் உட்கார்ந்து பில் எழுதுகிறேன்.

இனி லாயர் ஆபீஸ் பெஞ்சுக்கு வருகிறேன். நான் வெளியே வந்ததும் அவர் என் கைக்குத் தோளைக் கொடுக்க எழுந்தார். "உக்காருங்கண்ணே" என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "கொழா மூடித்தான் இருந்துச்சுண்ணே. என் கால் தீயில சுட்டது" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார், அடிப்பார், என்னைப் படியில் தனியே விட்டுப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "கொழா மூடியிருந்துச்சா?"

"மூடியிருந்துச்சுண்ணே."

"நல்லா மூடியிருந்துச்சா? சொட்டல?"

"சொட்டலண்ணே. கொழாக்கு அடியில காஞ்சுதான் கெடந்துச்சு."

எழுந்து என் கையைத் தோளில் போட்டுக்கொண்டார். ஏற்றிய மாதிரியே ஒவ்வொரு படியாக இறக்கினார். பஸ் ஏறினோம். தேக்காவில் என்னை இறங்கவிடவில்லை. "வா" என்று மட்டும் சொல்லி, காலாங் பக்கம் அவருடைய அத்தாப்பு ஓலை வேய்ந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாரியாயி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த பத்து வாரமும் எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர். உள்ளே அவர்களுடைய மூத்த மகளும் மருமகனும் இருந்தார்கள். எல்லாரையும் வெளியே கூப்பிட்டார்.

"இவன் சொல்றதக் கேளுங்க" என்றார். என்னிடம், "சொல்லு" என்றார்.

சொன்னேன். மாரியாயி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேலுச்சாமி அண்ணன், "மூணு சுத்து. நான் மூணு சுத்துதான் சுத்திருக்கேன்" என்றார். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து, மருமகன் முன்னாலேயே, தலையில் கைவைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். என் மேல் கோபத்தில் அழவில்லை. இத்தனை மாதமாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைத்துவிட்டு அழுகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார் அழுகைக்கு நடுவில். சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டார், சொன்னேன். அவர் எப்போது கேட்டாலும் சொல்லக் கடமைப்பட்டவன் நான். கம்பெனியில் அவரோடு வேலை செய்தவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் தங்கராசு காலைச் சுட்டது வேலுச்சாமிதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: வேலுச்சாமி அண்ணன் அன்றைக்குக் குழாயைச் சரியாகத்தான் மூடியிருந்தார்.